புலால் மறுத்தோர் அடுக்களை

சையமலைத் தொடர் தமிழ்நிலத்தின் மேற்கே நெடுஞ்சுவராய் நீண்டு, பாலக்காட்டருகே மட்டும் வழிவிட்டு நிற்கிறது. அக்கணவாய் வழியே வணிகர் சென்றனர், படைகள் சென்றன, நெசவாளரும் உழவரும் மறையோரும் குடிபெயர்ந்து சென்றனர். தஞ்சையிலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் வந்து கல்பாத்தி, நூறணி முதலிய ஊர்களில் குடியமர்ந்த தமிழர் வரலாறு பலராலும் எழுதப்பெற்றுள்ளது. கல்பாத்தி விசுவநாதசுவாமி கோயில் கி.பி. 1425-ஆம் ஆண்டளவில் எழுந்தது என்பதும், காசியிலிருந்து கொணர்ந்த இலிங்கத்தை இலட்சுமி அம்மாள் என்னும் மூதாட்டி நிறுவச் செய்தார் என்பதும் இவ்வூரார் போற்றும் மரபு. ‘காசியில் பாதி கல்பாத்தி’ என்னும் வழக்கும் அதனையொட்டியதே. தேரைப் பற்றியும் இசைவாணரைப் பற்றியும் எழுதியோர் பலர். அடுக்களையைப் பற்றி எழுதுவோர் அரியர். அடுப்பங்கரையில் வரலாறு என்ன இருக்கிறது என்று எண்ணினர் போலும்.

நாம் எடுத்துக்கொண்ட வினா எளிது. சமயங் கருதிப் புலாலை விலக்கிய எல்லைத் தமிழர்க்கு, அவர்தம் அடுக்களை உடலுக்கு வேண்டியன அனைத்தையும் தந்ததா? தந்தது என்றே பெருமையுடன் கூறிப் பழகியுள்ளோம். ஆயின் அதே அடுக்களையில் உண்ட எல்லார்க்கும் தந்ததா என்று கேட்கும்பொழுது, விடை அத்துணை எளிதாய் வரவில்லை.

புலால் மறுத்தல் இந்நிலத்துக்கு ஒரு வழியில் மட்டும் வந்ததன்று. பாலக்காட்டு நகரின் ஒரு பகுதி இன்றும் சைனிமேடு என வழங்குகிறது. ஆங்கே சந்திரநாத தீர்த்தங்கரர்க்குப் பழங்கோயில் உண்டு. மலையாளக் கவி குமாரன் ஆசான் 1907-இல் ‘வீணபூவு’ என்னும் நூலை இயற்றியது அவ்விடத்தில்தான். சமணர் ஊன் விலக்கியதோடு மண்ணுக்குள் விளையும் கிழங்கையும் விலக்கினர். சைவ வேளாளரும் அந்தணரும் ஊன் விலக்கினர், கிழங்கை விலக்கவில்லை. வள்ளுவர் துறவறவியலில் புலான்மறுத்தலுக்கு ஒன்றும் கொல்லாமைக்கு ஒன்றும் என இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். வடலூர் வள்ளலார் 1867-இல் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியபோது கொல்லாமையையும் பசியாற்றுதலையும் ஒரே அறமாய்ப் பிணைத்தார். இப்பிணைப்பே நமக்கு இக்கட்டுரையில் உரைகல். உயிர்க்கொலை தவிர்த்தவன் தன் வீட்டில் ஒருவர் பசித்திருக்க விட்டால், அவன் காத்த அறம் பாதியே.

இனி அடுக்களைக்குள் நுழைவோம்.

பாலக்காட்டுத் தமிழ் இல்லங்களின் உணவு, தஞ்சைச் சமையலும் மலையாளச் சமையலும் கலந்து பிறந்த ஒன்று. துவரம்பருப்பும் தேங்காயும் காயும் சேர்ந்த மொளகூட்டல், வெண்பூசணியும் பெரும்பயறும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த ஓலன், சேனையும் வாழைக்காயும் புளித்த தயிரும் கூடிய காளன், எரிசேரி, அவியல், புளியிஞ்சி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். நாம் அடுக்குவது நாச்சுவைக்காக மட்டுமன்று. அரிசியில் 100 கிராமுக்கு 6 முதல் 8 கிராம் வரையே புரதம் உண்டு. அதிலும் ‘லைசின்’ என்னும் கூறு குறைவு. பருப்பிலும் பயற்றிலும் 20 கிராமுக்கு மேற் புரதம் உண்டு. அரிசியிற் குறைந்த லைசின் அவற்றில் நிறைந்திருக்கிறது. அவற்றிற் குறைந்த பிறிதொரு கூறு அரிசியில் இருக்கிறது. ஆகவே சோறும் பருப்பும் ஓரிலையில் சேரும்பொழுது ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது. இவ்வேதியியலை நம் பாட்டிமார் அறிந்திலர். எனினும் பருப்பில்லாச் சோற்றை விருந்தினர்க்கு இடுவதில்லை என்னும் நெறி அவர்களிடம் இருந்தது.

திருவாதிரை நாளில் இவ்வில்லங்களில் களியும் ஏழுகறிக் கூட்டும் செய்வர். அரிசியும் பயற்றம்பருப்பும் வறுத்துடைத்து வெல்லத்தோடு கிளறுவது களி. கூட்டிலோ சேனை, சேம்பு, கூர்க்கங்கிழங்கு, பூசணி, அவரை, மொச்சை என்று அப்பருவத்து விளைவெல்லாம் ஒருங்கே வேகும். அண்டைவீட்டு மலையாள மகளிர் அந்நாளில் அரிசிச்சோறு விலக்கி நோன்பிருந்து, கிழங்கும் பயறும் கலந்த புழுக்கு உண்பர். இரண்டும் ஒரே நிலத்தின் ஒரே பருவத்து உணவே. நவராத்திரி ஒன்பது நாளும் கடலை, மொச்சை, காராமணி எனச் சுண்டல் மாறி மாறி வரும். நோன்பு என்றால் குறைத்து உண்பது என்று மட்டும் பொருளன்று; வழக்கமாய் உண்ணாதவற்றை உண்ணச் செய்வதும் நோன்பின் வேலையாக இருந்தது.

இவ்வளவும் நன்று. ஆயின் இவ்வடுக்களையின் உண்மையான தூண் எது என்று கேட்டால், பருப்பு என்றோ கீரை என்றோ நாம் கூறமாட்டோம். கொல்லைப்புறத்துப் பசு என்றே கூறுவோம். காலையிற் காப்பிக்குப் பால், நண்பகல் தயிர், இரவு மோர், சோற்றில் உருக்கிய நெய். புலால் மறுத்த உணவு என்று நாம் அழைத்தது உண்மையில் பாலுணவும் மரக்கறியும் கலந்த உணவே. பசு உள்ள வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் இடையே இருந்த வேற்றுமையை நம்மவர் செல்வ வேற்றுமையாகவே கண்டனர். அது நரம்பிலும் குருதியிலும் சென்று முடியும் வேற்றுமை என்பதை அறியப் பல்லாண்டுகள் ஆயின.

அவ்வறிவு பிறந்த இடங்களுள் ஒன்று நமக்கு மிக அண்மையிலேயே இருந்தது. பாலக்காட்டுக்கு வடக்கே நீலகிரியில் குன்னூர். ஆங்கே 1918-இல் இராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர், பாசுதர் நிலையத்தின் ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அவ்வோரறையே பின்னர் உணவாராய்ச்சிக் கூடமாய் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, 1969-இல் தேசிய உணவூட்டக் கழகம் என்னும் பெயர் பெற்றது. மக்காரிசன் 1920-களில் செய்த ஒரு சோதனை நம்மனோர் அறிய வேண்டியது. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளைத் தனித்தனியே எலிகளுக்கு ஊட்டி வளர்த்தார். சீக்கியர் உணவுண்ட எலிகள் முதலிடம் பெற்றன. ‘சென்னையர்’ உணவு என அவர் பெயரிட்ட தென்னாட்டுணவு உண்டவை கடையிடம் பெற்றன. செய்தியைக் கேட்டோர் பலர், இறைச்சி இல்லாக் குறையே இது என்று முடிவு கட்டினர். அம்முடிவு பிழை. அச்சீக்கிய உணவில் இறைச்சி வாரத்துக்கு ஒருமுறையே இருந்தது. நாள்தோறும் இருந்தவை தவிடு நீக்காத கோதுமையும் பாலும் நெய்யும் பருப்பும் பசுங்காயும். தென்னாட்டுணவிலோ தீட்டிக் கழுவிய அரிசி மிகுந்து, பால் குறைந்திருந்தது. ஊன் விலக்கியதால் அன்று, தவிட்டையும் பாலையும் இழந்ததால் கடையிடம் கிடைத்தது.

அரிசியைப் பற்றி இங்கே ஒரு சொல். நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைக்கும்போது, தவிட்டில் உள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே இறங்குகிறது. பின்னர் எந்திரத்தில் தீட்டினாலும் ஓரளவு எஞ்சுகிறது. புழுங்கலரிசி உண்ட பகுதிகளில் பெரிபெரி அரிதாகவும், எந்திரத்தில் தீட்டிய பச்சரிசி உண்ட வடசர்க்கார்ப் பகுதியில் மிகுதியாகவும் இருந்ததன் காரணம் அதுவே. பாலக்காட்டு உழவரின் செந்நிற மட்டையரிசிக் கஞ்சி இவ்வகையில் சிறந்த உணவு. ஆனால் திவசத்துக்கும் நோன்புக்கும் கைம்பெண்டிர் உணவுக்கும் பச்சரிசியே ஏற்றது, புழுங்கல் ஒருமுறை வெந்தது ஆதலின் தூய்மையன்று என்று ஆசாரம் வகுத்தது. உரலிற் குத்திய காலத்தில் அவ்வாசாரத்தால் பெருங்கேடு விளையவில்லை. உமி நீங்கினாலும் தவிடு சிறிது ஒட்டியிருந்தது. எந்திரம் வந்த பின்னரும் ஆசாரம் மாறவில்லை. நெறி பழையதாகவே நிற்க, அந்நெறி நம்பியிருந்த பொருள் மாறிவிடுவது வரலாற்றில் அடிக்கடி நிகழ்வது.

கைம்பெண்டிர் என்று குறித்தோம். இவ்வரலாற்றில் நம்மை உறங்கவிடாத பகுதி அதுவே.

அக்ரகாரத்துக் கைம்பெண்ணுக்கு நாளில் ஒரு பொழுதே சோறு. இரவில் சிறு பலகாரம். ஏகாதசியில் முழுப் பட்டினி. வெங்காயம், பூண்டு, சில வீடுகளில் முருங்கை முதலியனவும் விலக்கு. வீட்டில் பால் குறைந்தால் முதலில் நின்றது அவர் பங்கே. மொளகூட்டலும் ஓலனும் சமைத்த கைகள் பெரும்பாலும் அவர்களுடையவை. இலையில் அவர்கள் அமர்ந்தது எல்லாரும் உண்டு எழுந்த பின்னர். முழுமை வாய்ந்த உணவு என்று மேலே நாம் பாராட்டிய அதே அடுக்களையில், முழுமையின்றி உண்டவர் அடுப்பின் அருகிலேயே இருந்தனர்.

நம் தந்தையாரின் அத்தை அவ்வாறு உண்டவர். பத்தொன்பது அகவையிற் கணவரை இழந்து, நம் இல்லத்திலேயே வாழ்ந்தார். நாம் அவரை அத்தைப்பாட்டி என்றே அழைத்தோம். 1970 சனவரி முதல் நாள் நிலச்சீர்திருத்தச் சட்டத்தின் திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது பாட்டநிலங்கள் உழுதவர்க்குச் சென்றன. அது முறையே, தலைமுறை தலைமுறையாய்ச் சேற்றில் நின்றவர்க்கு நிலம் உரியதாயிற்று. எனினும் பாட்டநெல்லையும் வைக்கோலையும் நம்பி நின்ற இல்லங்களில் களஞ்சியம் ஒடுங்கிற்று, தொழுவம் வெறுமையாயிற்று. நம் இல்லத்துக் கடைசிப் பசுவும் விற்கப்பட்டது. 1981-இல் அத்தைப்பாட்டி காசி சென்றார். காசிக்குச் செல்வோர் விருப்பமான ஒன்றை அங்கே விட்டுவிட்டு வருவது வழக்கம். பிறர் கத்தரிக்காயை விடுவர். பாகற்காயை விட்டு நகைப்புக்கு இடமாவோரும் உளர். அத்தைப்பாட்டி பாலை விட்டார். பாலை விட்டபின் அதிற் பிறந்த தயிரும் மோரும் எதற்கு என்று அவற்றையும் விட்டார். சோற்றைத் தூய்மை செய்ய இடும் ஒரு துளி நெய் மட்டும் நின்றது. ஏன் பாலை விட்டீர்கள் என்று கேட்டால் விடை வராது. வீட்டில் அது எல்லார்க்கும் போதவில்லை என்பதை அவரைவிட நன்கறிந்தவர் எவருமிலர்.

1993-ஆம் ஆண்டளவில், நாம் பள்ளிச் சிறுவராய் இருந்தபோது, அவர் நடை தளர்ந்தது. உள்ளங்கால் மரத்துப் போயிற்று. இருளில் சுவரைப் பற்றியே நடப்பார். நாக்கு வெந்தாற்போற் சிவந்து, காரம் தாங்கவில்லை. முதுமை என்றார் ஒருவர். வாதம் என்றார் மற்றொருவர். முகத்தில் வெளிறல் அவ்வளவாக இல்லாமையால் குருதிக்குறை என்று எவரும் எண்ணவில்லை. இறுதியில் ஒரு மருத்துவர், அவர் உண்பது என்ன என்று கேட்டார். அதுவரை எவரும் கேளாத வினா அது. பால் விட்டு ஆண்டு பன்னிரண்டு என்றறிந்ததும், இது பி12 என்னும் உயிர்ச்சத்தின் குறை என்றார்.

இச்சத்தின் வரலாறு சிறிது கூறத்தக்கது. 1926-இல் மைனாட், மர்பி என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர், கொல்லும் சோகை நோய்க்கு ஈரலை உண்பித்துக் குணங்கண்டனர். ஊன் மறுத்த நோயாளிக்கு அம்மருந்து எத்தகைய இக்கட்டு என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. 1928-இல் இந்தியா வந்த லூசி வில்சு என்னும் அம்மையார், பம்பாய் நெசவாலைகளில் உழைத்த ஏழைக் கருவுற்ற மகளிரின் சோகையை ஆராய்ந்தார். ஈரலுக்கு மாற்றாக மலிவான ஈஸ்ட் சாறு அவர்களைத் தேற்றுவதைக் கண்டு 1931-இல் வெளியிட்டார். அதிலிருந்த பொருள் போலிக் அமிலம் என்பது பின்னர்த் தெரிந்தது. அது கீரையில் நிறைய உண்டு. பி12 என்பதோ வேறு. 1948-இல் அது ஈரலினின்று தனியே பிரிக்கப்பட்டது. 1956-இல் அதன் அமைப்பை டோரதி ஆட்சுகின் என்னும் அம்மையார் கண்டறிந்தார். அதனை விலங்கும் ஆக்குவதில்லை, பயிரும் ஆக்குவதில்லை, நுண்ணுயிர்களே ஆக்குகின்றன. பசுவின் வயிற்றில் வாழும் நுண்ணுயிர் ஆக்கியதே பாலில் வந்து நமக்குக் கிடைக்கிறது. நாளொன்றுக்கு வேண்டுவது ஏறத்தாழ 2 மைக்ரோகிராம். கண்ணுக்குப் புலனாகாத துகள். ஈரல் அதனைச் சில ஆண்டுகளுக்குச் சேமித்து வைக்கும். ஆதலின் பாலை விட்டவர்க்கு உடனே ஒன்றும் நேராது. குறை தெரியும்போது ஆண்டுகள் பல கழிந்திருக்கும்.

கீரையும் பயறும் மிக உண்பவர்க்கு மற்றொரு பொறியும் உண்டு. அவற்றிலுள்ள போலிக் அமிலம் குருதியை ஓரளவு காத்துவிடும்; நரம்பைக் காவாது. முகத்தில் வெளிறல் இல்லாதிருக்க, உள்ளே நரம்பு தேயும். அத்தைப்பாட்டிக்கு நேர்ந்தது இதுவே. பழையசோற்றிலும் இட்லிமாவிலும் இச்சத்து கிடைக்கும் என்று சொல்வாரும் உளர். நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை என்பதே உண்மை.

ஊசிமருந்து எழுதிய மருத்துவரை அத்தைப்பாட்டி ஒன்றே கேட்டார். “இது எதையாவது கொன்னு எடுத்ததா?” நுண்ணுயிர்களைத் தொட்டியில் வளர்த்து எடுப்பது, ஈரலிலிருந்து அன்று என்று மருத்துவர் பொறுமையோடு விளக்கினார். தயிரைப் புளிக்க வைப்பது எதுவோ அதன் உறவு என்றும் சொன்னார். “அப்பச் சரி” என்று கையை நீட்டினார். நாப்புண் சில வாரங்களில் ஆறிற்று. கால் பாதியளவே மீண்டது. காலந்தாழ்ந்த நரம்பு முழுதும் திரும்புவதில்லை. பாலை அவர் இறுதிவரை தொடவில்லை. நாமும் வற்புறுத்தவில்லை.

பின்னர் மைய அரசுப் பணியில் எழுத்தராய்ச் சேர்ந்து, சில ஆண்டுகள் இடுக்கி மாவட்டத்து மூணாற்றில் இருக்க நேர்ந்தது. தேவிகுளம், பீருமேடு வட்டங்கள் 1956-இல் மொழிவழி மாநிலம் பிரிந்தபோது தமிழ்நாட்டார் வேண்டியும் கேரளத்தோடே நின்றவை என்பதை இம்மலரின் வாசகர் அறிவர். அங்குள்ள தேயிலைத் தோட்டத் தமிழர் பாலக்காட்டு அக்ரகாரத்தாரைப்போல் பிறப்பு முதல் ஊன் விலக்கியவர் அல்லர். ஆயினும் கார்த்திகை பிறந்தால் லயங்களில் வரிசையாய் மாலை ஏறும். ஐயப்பனுக்கு நாற்பத்தொரு நாள் நோன்பு. தைப்பூசம் வந்தால் பழனிக்கு. மாலை அணிந்தவர் ஆண்மகனே ஆயினும் கருவாடு முழு வீட்டிலும் நின்றுவிடும். கொழுந்தெடுக்கும் பெண் மலைச்சரிவிற் குளிரில் நாள் முழுதும் நின்று, சோறும் நீர்த்த சாம்பாரும் கட்டஞ்சாயாவும் கொண்டு அந்நாட்களைக் கடப்பாள்.

நாற்பத்தொரு நாளில் பி12 குறைந்துவிடாது. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டுவது இரும்புச்சத்துக்கே. சோற்றோடு உடனே பருகும் தேயிலைநீர், பயற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடல் ஏற்கவொட்டாமல் தடுக்கிறது. நெல்லிக்காயும் எலுமிச்சையும் அதனை ஏற்கச் செய்கின்றன. தேயிலை பறிக்கும் கைக்கே தேயிலை பகையாவது விந்தை. உணவுக்கும் சாயாவுக்கும் இடையே ஒரு மணி நேரம் விட்டாற் போதும். ஆனால் பணியிடை ஓய்வு அவ்வளவு நீண்டதா என்பது வேறு வினா. அதே மலையின் மறுபுறம் மறையூர், காந்தளூர், வட்டவடை ஊர்களில் அவரையும் பட்டாணியும் உருளையும் பூண்டும் விளைகின்றன. அப்பக்கத்து முதியோர் கேழ்வரகுக் களியை இன்னும் மறக்கவில்லை. 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. அதே அளவு பசும்பாலில் உள்ளதைப்போல் இரு மடங்குக்கும் மிகுதி. அரிசியிலோ மிகச் சொற்பம். பாலுக்கு வழியில்லா வீட்டில் எலும்பைக் காத்தது அக்களியே. அரிசி உண்பது உயர்வு என்னும் எண்ணம் பரவியபோது களி கீழிறங்கிற்று. பாலக்காட்டு மாவட்டத்திலேயே அட்டப்பாடி மலைமக்கள் ராகியும் சாமையும் விளைத்த நிலத்தை இழந்து நியாயவிலை அரிசியை நம்பியதும், 2013-இல் அங்கே குழந்தைகள் பலர் ஊட்டமின்றி மாண்ட செய்தி நாடெங்கும் பேசப்பட்டதும் இதனோடு சேர்த்தெண்ணத் தக்கவை. அவர்கள் நோன்பால் ஊன் விலக்கியவர் அல்லர். எனினும் நிலம் போனால் இலையில் என்ன எஞ்சும் என்பதற்கு அவர்களே சான்று.

நம் இல்லத்தில் இப்பொழுது பசு இல்லை. பால் உறையில் வருகிறது. சென்ற ஆண்டு, பெங்களூரிற் பயிலும் நம் மகள் விடுமுறைக்கு வந்தவள், இனித் தான் பால் அருந்துவதில்லை என்றாள். கன்றுக்குட்டிகளை என்ன செய்கிறார்கள் என்று எங்கோ படித்தாளாம். வீட்டார் திகைத்தனர். மோர் இல்லாமல் எப்படிச் சோறு இறங்கும் என்று அவள் தாய் கலங்கினாள். நாம் சினக்கவில்லை. அத்தைப்பாட்டியின் கதையைத் தொடக்கத்திலிருந்து கூறினோம். காசியையும், சுவரைப் பற்றி நடந்த இரவுகளையும் கூறினோம். கேட்டுவிட்டுத் தன் பையைத் திறந்து மாத்திரை அட்டை ஒன்றைக் காட்டினாள். பி12. வாரந்தோறும் தவறாமல் உண்பதாகச் சொன்னாள். பின்னர் அடுக்களைக்குச் சென்று, தேங்காய்ப்பாலில் ஓலன் வைப்பது எப்படி என்று தாயிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.